தற்காலிகம் என்றால் எத்தனை நாள்?

(மஹல்லா இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பேரிடரும் நமது பணியும்' என்று எனக்குத் தலைப்பு தந்திருக்கிறார்கள். படகு ஓட்டுவதைப் பற்றியோ, சோறு பொங்கிக் கொடுப்பதைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அதை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் என்ன செய்தார்கள் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். சுற்றுவட்டார மீனவக் கிராம மக்களைத் திருமண மண்டபங்களில் தங்கவைத்து நாள் கணக்கில் சோறு போட்டார்கள். நாகூரில் எல்லா மதத்தவரின் உடல்களுக்கும் தர்கா நிலத்தில் இடம் கிடைத்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தபோதும், கழுத்தளவு தண்ணீரில் இறங்கியவர்கள் உங்களைப் போன்ற இளைஞர்கள்தான்.

ஆக, முதல் நாளில் நாம் இருக்கிறோம். கடைசி நாளிலும் இருக்கிறோம். புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டும்போதும் சாவி கொடுக்கும்போதும் எல்லாக் கட்சியும் எல்லா அமைப்பும் மேடையில் இருக்கின்றன. இந்த முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறதே, அது எத்தனை மாதம்? எத்தனை வருடம்? அந்தக் காலத்தில் வீடிழந்த குடும்பம் எங்கே படுத்து எழுந்தது? வயதுக்கு வந்த பெண் எங்கே குளித்தாள்? பத்தாம் வகுப்புப் பையன் எந்த விளக்கில் படித்தான்? இதைக் கேட்க ஆளில்லை. இன்று நான் பேச வந்தது இந்த நடுக்காலத்தைப் பற்றித்தான். அரசாங்கம் இதற்குத் 'தற்காலிகக் குடியிருப்பு' என்று பெயர் வைத்திருக்கிறது.

தார் அட்டைக்குள் கழிந்த காலம்

2004 சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தார். முதலில் மக்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கினார்கள். பள்ளி திறக்க வேண்டும், மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே அவசர அவசரமாகத் தற்காலிகக் கொட்டகைகள் எழுந்தன. பல இடங்களில் சுவரும் கூரையும் தார் பூசிய அட்டை. ஜனவரி குளிரில் அது பிரச்சினையாகத் தெரியவில்லை. சித்திரை வெயில் வந்ததும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? அட்டை காய்ந்து, உள்ளே அடுப்புப் போல் கொதித்தது. பகலில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் மரத்தடி தேடிப் போனார்கள். அதே 2005-ன் இறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டியபோது, தாழ்வான இடத்தில் போட்டிருந்த கொட்டகைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கடலிடமிருந்து தப்பி வந்தவர்கள் மழைத்தண்ணீரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

சில மாதங்களுக்குத்தானே என்று போட்ட கொட்டகை அது. அதனால்தான் மட்டமான அட்டை, அதனால்தான் தாழ்வான நிலம், அதனால்தான் பத்துக் குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறைகூடச் சரியாக இல்லாத நிலை. ஆனால் பல குடும்பங்கள் அதற்குள் 2 ஆண்டு, அதற்கு மேலும் கழித்தன. ஏன்? அரசாங்கத்திடம் பணம் இல்லையா? பணம் இருந்தது. உலகமே அள்ளிக் கொடுத்தது. தடையாக நின்றது நிலம்.

நிரந்தர வீடு எங்கே கட்டுவது? 2005 ஜனவரியிலேயே அரசாணை வந்தது. 300 முதல் 325 சதுர அடியில், சுமார் ஒன்றரை லட்சம் ரூபாயில் வீடு, தொண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து கட்டுவது என்று திட்டம். மார்ச் மாத இறுதியில் இன்னோர் அரசாணை. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இடிந்த வீட்டை அங்கேயே புதிதாகக் கட்டித்தர மாட்டோம். தள்ளிப் போனால் புது வீடு, பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக மாட்டேன் என்றால் உன் செலவில் பழுது பார்த்துக்கொள், அரசு உதவி கிடையாது. இதுதான் அதன் சாரம். கடலை விட்டுத் தள்ளிப் போனால் மீனவனுக்குப் பிழைப்பு ஏது? போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் பேச்சுவார்த்தை நீண்டது. வயல் நிலம் வாங்க வேண்டும், மேடாக்க வேண்டும், பிறகு கட்ட வேண்டும். இத்தனையும் முடியும் வரை குடும்பம் தார் அட்டைக்குள் கிடந்தது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று. தற்காலிகக் கொட்டகை எத்தனை நாள் நிற்கும் என்பதை, நிரந்தர வீட்டுக்கு நிலம் எப்போது கிடைக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்தத் தேதியைச் சொல்லாமல் "தற்காலிகம்" என்று யார் சொன்னாலும், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை.

பட்டியலில் விடுபடுகிறவர் யார்?

வணிகச் சகோதரர்களே, இனி நான் சொல்வது உங்கள் வீட்டு விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

பேரிடர் நிவாரண நிதி என்று மாநிலத்துக்கு ஒரு நிதி இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 பங்கு, மாநில அரசு 25 பங்கு. எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு அளவுகோல் வகுக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுத்த அளவுகோலைப் பாருங்கள். முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப் பகுதியில் 1,30,000 ரூபாய். குடிசை என்றால் 8,000 ரூபாய். துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. இந்தத் தொகையில் இன்று வீடு கட்ட முடியுமா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, இந்தத் தொகையாவது யாருக்குக் கிடைக்கும் என்பது.

இடிந்த வீடு அனுமதி பெற்ற கட்டடம் என்று அதிகாரி சான்று தர வேண்டும் என்கிறது அளவுகோல். அப்படியானால் புறம்போக்கில் இருந்தவர்? அவருக்கு வீடு இடிந்தது உண்மை, ஆனால் தாளில் வீடே இல்லை. வாடகைக்கு இருந்தவர்? வீட்டுப் பணம் உரிமையாளருக்குப் போகும். குடியிருந்தவருக்குப் பாத்திரப் பணம்தான். அட்வான்ஸ் கொடுத்த பணமும் இடிபாட்டுக்குள் போய்விடும். ஒரே கதவிலக்கத்தில் மூன்று அண்ணன் தம்பி மூன்று அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்தினால்? கணக்கெடுக்க வருகிறவர் ஒரு வீடு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

கடைக்காரர் கதையோ இன்னும் மோசம். முன்னால் கடை, பின்னால் வீடு; அல்லது கீழே கடை, மேலே குடித்தனம். இப்படி இருப்பவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்? வெள்ளம் வந்தால் படுக்கையும் போகும், சரக்கும் போகும். அளவுகோலில் விவசாயிக்கு இனம் இருக்கிறது, ஆடு மாடு வளர்ப்பவருக்கு இருக்கிறது, மீனவருக்கு இருக்கிறது, கைத்தறி, கைவினைத் தொழிலாளிக்கு இருக்கிறது. நனைந்த மூட்டைக்கும் கரைந்த சரக்குக்கும் தனி இனம் கிடையாது. சரக்கை வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். பிழைப்புக்குத் தனியே உதவி இல்லாத குடும்பம், வாடகை கொடுத்து வேறு வீடு தேடுவது எப்படி?

நம் மக்களில் வாடகை வீட்டுக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் அதிகம். ஆகவே, தற்காலிக வீட்டுப் பிரச்சினை கடலோரத்து மீனவர் பிரச்சினை மட்டும்தான் என்று யாரும் ஒதுங்கிப் போய்விட வேண்டாம். ஆற்றங்கரை, ஏரிக்கரை, தாழ்வான தெரு என்று எங்கே நம் மக்கள் வாழ்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சட்டம் சொல்வது என்ன?

சுனாமி நடந்து ஓராண்டில், 2005 டிசம்பரில், நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. இளைஞர்களே, இந்தச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளையாவது மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 12-ஆம் பிரிவு. நிவாரண முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவை தேசிய ஆணையம் வகுக்க வேண்டும். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் தனி ஏற்பாடு சொல்ல வேண்டும். வீட்டுச் சேதத்துக்கும் பிழைப்பை மீட்பதற்கும் உதவி வகுக்க வேண்டும். மாநிலத்தின் அளவு இதற்குக் கீழே போகக்கூடாது என்கிறது 19-ஆம் பிரிவு. இதன்படி 2016-ல் தேசிய ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முகாமில் ஆள் ஒன்றுக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம். நாள் ஒன்றுக்குக் குறைந்தது 3 லிட்டர் குடிநீர். 30 பேருக்கு ஒரு கழிப்பறை. இது கருணை அன்று, சட்டப்படி வகுத்த அளவு. முகாமுக்குள் போகும் இளைஞன் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு ஓர் அளவு நாடாவும் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, 61-ஆம் பிரிவு. நிவாரணமும் இழப்பீடும் தருவதில் பால், சாதி, சமூகம், வம்சம், மதம் என்று எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது. இந்தப் பிரிவு எவ்வளவு தேவையானது என்பதைச் சுனாமி காட்டியிருந்தது. நாகை மாவட்டத்தில் தலித் குடும்பங்கள் பொது முகாமில் சேர்ந்து தங்க முடியாமல் ஒதுக்கப்பட்டதை அன்றே பலர் பதிவு செய்தார்கள். இந்தப் பிரிவு நமக்கு ஒரு பாதுகாப்பு. அதே நேரத்தில் நம் மீது ஒரு பொறுப்பும் கூட. நம் மண்டபத்தில் தங்கும் குடும்பங்களின் பட்டியலை நாம் எழுதினால், அதில் தெருவில் உள்ள எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். நம்மவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போய் நீட்டினால், நாளைக்கு வேறொருவர் நம் பெயரை விட்டுவிட்டு எழுதும்போது எந்த முகத்தோடு கேட்பது?

வயநாட்டு வாடகை உத்தரவு

2024 ஜூலை 30 அதிகாலை. வயநாடு மாவட்டம் மேப்பாடி ஊராட்சியில் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்று ஊர்கள் நிலச்சரிவில் அழிந்தன. கிடைக்காதவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 300 பேர் போய்விட்டார்கள். முதலில் பள்ளிக்கூடங்களில்தான் முகாம். ஆகஸ்ட் மாத இறுதிக்குள் முகாம்களைக் காலி செய்தார்கள். கொட்டகை போட்டார்களா? இல்லை. மாதம் 6,000 ரூபாய் வாடகை தருகிறோம், வீடு பிடித்துப் போங்கள் என்று கேரள அரசு உத்தரவு போட்டது.

அந்த உத்தரவில் ஒரு நல்ல அம்சத்தைக் கவனியுங்கள். உறவினர் வீட்டில் போய்த் தங்கினாலும் அதே 6,000 ரூபாய். இதன் நியாயம் பெரியது. பேரிடரில் பாதிப்பேர் அக்காள் வீட்டிலும் மாமனார் வீட்டிலும்தான் ஒதுங்குகிறார்கள். முகாமில் இல்லாததால் அரசாங்கக் கணக்கில் அவர்கள் பாதிக்கப்பட்டவர்களே இல்லை என்று ஆகிவிடுகிறது. அடைக்கலம் கொடுத்த அக்காள் குடும்பமும் மெல்ல மெல்லக் கடனில் விழுகிறது. அந்தக் குடும்பத்தையும் அந்த உத்தரவு பார்த்தது. உடனடி உதவியாக 10,000 ரூபாயும், வேலை இழந்த குடும்பத்தில் பெரியவர்கள் இருவர் வரை ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் ஒரு மாதத்துக்கும் தனியாக அறிவித்தார்கள்.

இன்னொன்று. அங்கே பலர் தேயிலைத் தோட்டத்துப் பாடிகளில், அதாவது எஸ்டேட்காரர் கட்டிய வரிசை வீடுகளில், இருந்தவர்கள். அவர்கள் பெயரில் வீடு கிடையாது. பாடியில் இருந்தவர்களும் வாடகைக்கு இருந்தவர்களும், வேறு எங்கும் வீடு இல்லையென்றால், புது வீட்டுப் பட்டியலில் சேரத் தகுதி உண்டு என்று அங்கே வைத்தார்கள். நம் மாநிலத்தில் நாம் கேட்க வேண்டியதற்கு இது ஒரு முன்மாதிரி.

குறை இல்லையா? இருக்கிறது. வரைவுப் பட்டியல் 2024 டிசம்பரில் வந்தபோது சில பெயர்கள் இரண்டு முறை இருந்தன, சில பெயர்கள் இல்லவே இல்லை. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கல்பற்றாவில் எல்ஸ்டோன் தோட்டத்து நிலத்தை எடுப்பதை எதிர்த்துத் தோட்டக்காரர் உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் இறுதியில் நீதிமன்றம் அனுமதி தந்தது. 1,000 சதுர அடி வீடுகள் கொண்ட நகரியத்துக்கு அடிக்கல் விழுந்தது 2025 மார்ச் 27-ல். பேரிடர் நடந்து 8 மாதம் கழித்து! ஓராண்டு நினைவு நாளான 2025 ஜூலை 30 அன்றும் மக்கள் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். இங்கேயும் தடையாக நின்றது நிலம்தான். ஆனால் நாகையில் அந்தத் தாமதத்தை மக்கள் தார் அட்டைக்குள் சுமந்தார்கள். வயநாட்டில் கதவும் கழிப்பறையும் உள்ள வீட்டில் சுமந்தார்கள். 20 ஆண்டில் இந்த முன்னேற்றம் வந்திருக்கிறது. ஆகவே நம் ஊரில் நாளை ஓர் ஆபத்து வந்தால், தார் அட்டையை நாம் ஏற்றுக்கொள்ளவே கூடாது.

வாடகைத் திட்டத்தில் நம் சமுதாயத்துக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அதை வெளிப்படையாகப் பேசுவோம். "பணம் தருகிறோம், வீடு நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று அரசாங்கம் சொன்னால், வீடு கிடைப்பவருக்குத்தான் பணம். பெயரைக் கேட்டதும் "வீடு இப்போதுதான் போச்சு" என்று சொல்லும் பட்டணங்கள் நமக்குப் புதியதல்ல. தலித் சகோதரனுக்கும், கணவனை இழந்து தனியாக நிற்கும் பெண்ணுக்கும் இதே பதில்தான். அப்படியானால் வழி என்ன? ஜப்பானில் 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு, 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் வாடகை வீடுகளைத் தற்காலிகக் குடியிருப்பாகக் கருதி, உள்ளூர் அரசே ஒப்பந்தம் செய்து வாடகையைக் கட்டியது. இங்கும் கலெக்டர் பெயரில் ஒப்பந்தம் போடட்டும். குடியேறுகிறவர் யார் என்று வீட்டுக்காரர் தரம் பார்க்க இடமில்லாமல் போகும்.

வேகம் மட்டும் போதுமா?

ஜப்பான் என்றதும் எல்லாம் சரியாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1995 ஜனவரி 17-ல் கோபே நகரில் நிலநடுக்கம். ஏழே மாதத்தில் 48,000-க்கும் அதிகமான தற்காலிக வீடுகளைக் கட்டி முடித்தார்கள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். வீட்டைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், முதியோருக்கு முன்னுரிமை தந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என்ன நடந்தது தெரியுமா? ஒரே தெருவில் 40 வருடம் வாழ்ந்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். வயதானவர்கள் மட்டும் நிறைந்த குடியிருப்புகள் உருவாயின. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. அந்தத் தற்காலிக வீடுகளில் தனியாக இறந்து கிடந்து, பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல். கடைசிக் குடும்பம் அங்கிருந்து வெளியேறியது 2000 ஜனவரியில். தற்காலிகம் 5 ஆண்டு!

நம் நாட்டில் இது வேறு உருவத்தில் நடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்த குடும்பங்களைத் தொலைவில் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடி வீடு கிடைத்தது. வேலைக்குப் போகும் இடமும், பிள்ளையின் பள்ளியும், கடன் சொல்லி அரிசி வாங்கும் கடையும் போய்விட்டன. வீடு என்பது நான்கு சுவர் மட்டுமா? தெரு என்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் கட்டக்கூடாத வலயம் என்றார்கள். பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் கிழக்கு மாகாண முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் கரையோர ஊர்களில் ஏராளமான குடும்பங்கள் இடமின்றித் தவித்தன. அக்கரைப்பற்றுப் பகுதியில் நுரைச்சோலை என்ற இடத்தில் சவூதி அரசின் உதவியில் 500 வீடுகள் எழுந்தன. எந்த இனத்துக்கு எத்தனை வீடு என்ற வழக்கில் சிக்கி, ஆண்டுக் கணக்கில் அவை பூட்டியே கிடந்தன. சுற்றிலும் புதர் மண்டியது. வீடு இருந்தது, வீடில்லாதவரும் இருந்தார்கள், இரண்டும் சேரவில்லை. யாருக்கு என்ற பட்டியலை முதலிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி முடிக்காவிட்டால் நடப்பது இதுதான்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே அரசாங்கத்திடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: தற்காலிகக் குடியிருப்பு உத்தரவில் முடியும் தேதியை எழுத வேண்டும். அந்தத் தேதிக்குள் நிரந்தர வீடு தராவிட்டால், தரும் வரை வாடகை தொடரும் என்றும் எழுத வேண்டும்.

இரண்டு: கணக்கெடுப்பு கதவிலக்கத்தை வைத்து நடக்கக்கூடாது, அடுப்பை வைத்து நடக்க வேண்டும். வாடகைக்காரர், புறம்போக்கில் இருந்தவர், உறவினர் வீட்டில் ஒதுங்கியவர், கடையிலேயே குடியிருந்தவர் எல்லோரும் பட்டியலில் வர வேண்டும்.

மூன்று: வரைவுப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும்.

நான்கு: வாடகை வீட்டை அரசே ஒப்பந்தம் செய்து பிடிக்க வேண்டும். முடிந்தவரை அதே ஊரில், அதே பள்ளிக்கூடத்துக்கு அருகில் தெருவோடு சேர்த்துக் குடியமர்த்த வேண்டும்.

ஐந்து: பிழைப்புக்கான உதவியில் சிறு கடைக்காரருக்கும் தனி இனம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. நம் கையில் இருப்பதையும் செய்ய வேண்டும்.

இளைஞர்களே! 2023-ல் சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் அட்டையை வைத்துத்தான் வந்தது. அட்டை இல்லாதவர்கள் மனு எழுதிக்கொண்டு அலைந்தார்கள். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே வீடு வீடாகப் போங்கள். யாருக்கு அட்டை இல்லை, யாருடைய அட்டையில் பழைய விலாசம் இருக்கிறது, எந்த வாடகைக்காரரிடம் ஒப்பந்தத் தாள் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆதார், அட்டை, வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வெள்ளம் முதலில் அழிப்பது தாளைத்தான். முகாம் திறந்த அன்றே ஒரு பதிவேடு திறந்து, குடும்பத் தலைவர் பெயர், தலைகள் எத்தனை, கைக்குழந்தை, கர்ப்பிணி, விதவை, நோயாளி என்று எழுதி, வி.ஏ.ஓ.விடம் ஒரு படியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நாளை தாசில்தார் அலுவலகத்தில் "நீங்கள் முகாமிலேயே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.

வணிகப் பெருமக்களே! உங்களில் பலருக்கு வாடகை வீடுகள் இருக்கின்றன. பேரிடர் வந்த மறுவாரமே அந்த ஊரில் வாடகை ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 4,000 ரூபாய் வீடு 6,000 ஆகும், ஒரு மாத அட்வான்ஸ் ஐந்து மாதமாகும். அரசாங்கம் 6,000 கொடுத்தால் அது அகதிக்கு உதவியா, வீட்டுக்காரருக்கு லாபமா? ஆகவே இங்கே வந்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு முடிவு செய்யலாம். வெள்ளம், புயல் என்று எது வந்தாலும் 6 மாதத்துக்கு நம் வீடுகளில் வாடகை ஏறாது, வீடிழந்தவரிடம் அட்வான்ஸ் வாங்க மாட்டோம், எந்தச் சாதி எந்த மதம் என்று கேட்க மாட்டோம். நம்மை ஒதுக்குகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்ளும் நாம், நம் வாசலில் வந்து நிற்பவரை ஒதுக்கலாமா? காலியாக இருக்கும் வீடுகளின் பட்டியலை வணிகர் சங்கம் கலெக்டரிடம் தானே முன்வந்து கொடுக்கட்டும். நிவாரணத்துக்கு அள்ளிக் கொடுக்கும் லட்சங்களைவிட இந்த ஒரு தாள் அதிகப் பயன் தரும்.

ஜமாஅத் பெரியவர்களே! மண்டபத்தைத் திறந்து விடுவதில் நீங்கள் முன்னோடிகள். இனி அதில் பெண்களுக்குத் தனிக் குளியலறை, தனிக் கழிப்பறை, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்குக் கட்டிய மண்டபத்தில் 300 பேர் மூன்று நாள் தங்கலாம். மூன்று வாரம் தங்க முடியுமா? பைத்துல்மாலில் ஒரு பகுதியைச் சோற்றுக்கு என்று வைக்கும்போது, ஒரு பகுதியை வாடகைக்கு என்றும் ஒதுக்குங்கள். அரசு வாடகைப் பணம் வந்து சேர இரண்டு மாதம் ஆகலாம். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டுவதற்குத்தான் ஏழைக்குக் கந்துவட்டிக்காரர் தேவைப்படுகிறார்.

சகோதரர்களே! சோற்றுப் பொட்டலம் கொடுத்த கை மறக்கப்படாது, உண்மைதான். ஆனால் அந்தப் பொட்டலம் ஒரு வேளைக்கு. கூரை ஒவ்வொரு இரவுக்கும் வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் எந்த அமைச்சரோ அதிகாரியோ நம் தெருவுக்கு வந்து "உங்களுக்குத் தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்கிறோம்" என்று சொன்னால், நன்றி சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தத் தேதி வரை, ஐயா? அதை எழுதித் தாருங்கள்."